துறவியர் ஏணி: கிறித்தவ மரபில் மெல்ல வாசித்தல் பற்றிய ஒரு நோக்கு

விவிலியத்தை வாசிக்கும் முறைகள் கிறித்தவரிடையே பல உள. வழிபாட்டிலே ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பது ஒரு முறை. மூலமொழிகளையும் வரலாற்றையும் துணைக்கொண்டு இறையியல் மாணவர் ஆராய்வது இன்னொரு முறை. இவை இரண்டினின்றும் வேறுபட்ட முறையொன்றும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. ஒரு சிறு பகுதியை எடுத்து, அதனை மெல்ல மெல்ல, மீண்டும் மீண்டும் வாசித்து, உள்ளத்திலே நிறுத்தி, அச்சொற்களின் வழியாகவே செபத்துட் புகுவது அம்முறை. இலத்தீனிலே ‘லெக்சியோ திவினா’ எனப் பெயர்பெற்ற இதனைத் தமிழிலே ‘தெய்விக வாசிப்பு’ எனலாம்.

இதுபற்றித் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் இதனை ஒரு பக்தி முயற்சியாக மட்டுமே நோக்குகின்றனர். பக்தி முயற்சி என்பது உண்மையே. ஆயினும் ஒரு நூலின் முன்னே வாசகன் எவ்வாறு நிற்றல் வேண்டும், நூல் வாசகனை ஆளுகின்றதா வாசகன் நூலை ஆளுகின்றானா, வாசிப்பு எங்கே முடிகின்றது என்னும் வினாக்களுக்கு விடை கூறுவதால் இது ஒரு வாசிப்புக் கோட்பாடுமாகும். அவ்வகையிலே இது இலக்கியத் திறனாய்வின் கவனத்துக்கும் உரியது. இக்கோட்பாட்டைச் சுருக்கமாகவும் ஒழுங்காகவும் எடுத்துரைத்த நூல், 12ஆம் நூற்றாண்டிலே இரண்டாம் கீகோ என்பார் இலத்தீனில் எழுதிய ‘துறவியர் ஏணி’ ஆகும். அந்நூலின் வலிமை எது, அதன் எல்லை எது என்பவற்றை ஆராய்வதும், அவ்வெல்லையைக் கடக்க முயன்ற 20ஆம் நூற்றாண்டு நூலொன்றுடன் அதனை ஒப்புநோக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபின் பின்னணி

கீகோ இம்முறையைத் தோற்றுவித்தவர் அல்லர். 6ஆம் நூற்றாண்டிலே இத்தாலியில் வாழ்ந்த புனித ஆசீர்வாதப்பர் வகுத்த துறவற ஒழுங்கின் 48ஆம் அதிகாரம், நாளினை உடலுழைப்புக்கும் வாசிப்புக்குமாகப் பகுக்கின்றது. தவக்காலத்திலே துறவி ஒவ்வொருவரும் ஒரு நூலைப் பெற்று, அதனை முதலிலிருந்து இறுதிவரை ஒழுங்காக வாசித்தல் வேண்டும் என்பது அவ்வதிகாரத்தின் விதிகளுள் ஒன்று. நண்பகல் ஓய்வுவேளையிலே வாசிக்க விரும்புபவன் பிறருக்கு இடையூறின்றி வாசித்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இப்பின்னைய விதி தேவைப்பட்டமையே, அக்கால வாசிப்பு வாயாலும் செவியாலும் நிகழ்ந்தது என்பதைப் புலப்படுத்தும்.

மிலான் நகரின் ஆயராகிய அம்புரோசியார் ஓசையின்றி வாசித்ததைப் புனித அகுஸ்தீனார் தமது தன்வரலாற்று நூலின் ஆறாம் பாகத்திலே குறித்துள்ளார். இதனை ஆதாரமாகக் கொண்டு, பண்டையோர் மௌனமாக வாசிக்க அறிந்திலர் எனச் சிலர் முடிபு கூறினர். அம்முடிபு பிற்கால ஆய்வாளரால் மறுக்கப்பட்டுள்ளது. எனினும், துறவிமடங்களிலே வாய்விட்டோ முணுமுணுத்தோ வாசிப்பது பெருவழக்காய் இருந்ததென்பதில் ஐயமில்லை. தமிழிலே ‘ஓதுதல்’ என்னும் ஒரே சொல் கற்றலையும் வாய்விட்டுச் சொல்லுதலையும் குறித்து நிற்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு இது விளங்காததன்று.

பிரான்சின் அல்ப்ஸ் மலையிலே, கிரெனோபிள் நகருக்கு அண்மையில், 1084ஆம் ஆண்டு புனித புரூனோ அமைத்த தனிமைத் துறவிமடமே கிராந் சார்த்ரூஸ். கார்த்தூசியர் எனப்படும் துறவற சபை அங்கிருந்தே தோன்றியது. அம்மடத்தின் ஒன்பதாவது தலைவராக 1174ஆம் ஆண்டு முதல் 1180ஆம் ஆண்டு வரை பணியாற்றியவரே இரண்டாம் கீகோ. அவருடைய ‘ஏணி’ ஜெர்வாஸ் என்னும் துறவிக்கு எழுதப்பட்ட ஒரு கடிதம், மிகச் சிறியது, ஒரே அமர்விலே படித்து முடிக்கத்தக்கது. இடைக்காலத்திலே அது புனித அகுஸ்தீனார் பெயராலும் புனித பெர்னார்து பெயராலும் பல படிகளில் வழங்கியது. ஆசிரியர் பெயர் மாறினும் நூல் வாழ்ந்தது என்பது அதன் செல்வாக்குக்குச் சான்றாகும்.

ஏணியின் அமைப்பு

உடலுழைப்பிலே ஈடுபட்டிருந்த ஒரு நாள், ஆன்மீக உழைப்பைப் பற்றித் தாம் சிந்திக்கத் தொடங்கியதாகவும், அப்போது நான்கு படிகள் தம் மனத்திலே தோன்றியதாகவும் கீகோ கூறுகின்றார். வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், தியானத்திலே திளைத்தல் என்பன அப்படிகள். படிகள் சிலவே, ஆயின் ஏணியின் அடி நிலத்திலும் நுனி முகிலைக் கடந்தும் நிற்கின்றது என்பது அவர் தரும் சித்திரம். யாக்கோபு கனவிலே கண்ட ஏணியின் நினைவு இதன் பின்னே நிற்பது வெளிப்படை.

சைவசித்தாந்தம் கற்றோர்க்கு இந்நான்கும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் ஞானநெறியின் நான்கு நிலைகளை நினைவூட்டும். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்பதற்கு எவ்விதச் சான்றும் இல்லை. ஒப்புமையினும் வேற்றுமையே இங்குப் பயன்தருவது. சைவநெறியில் தெளிதல் நிற்கும் இடத்திலே கீகோவின் ஏணியில் மன்றாட்டு நிற்கின்றது. சிந்தனை தெளிவிலே சென்று முடிவதில்லை. அது வறுமையிலே சென்று முடிகின்றது. சிந்திப்பவன் தான் தேடும் பொருளின் இனிமையை உணர்கின்றான், அதனைத் தன் முயற்சியால் அடைய முடியாது என்பதையும் உணர்கின்றான், ஆகவே கேட்கின்றான். அறிவுக்கும் அடைவுக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியே செபம் பிறக்கும் இடம் என்பது கீகோவின் கொள்கை. வாசிப்பும் சிந்தனையும் நல்லோர்க்கும் தீயோர்க்கும் பொதுவானவை என்று அவர் வெளிப்படையாகவே கூறுகின்றார். கல்வி ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்னும் நம்பிக்கை அவரிடத்து இல்லை.

நூல் முழுவதும் உணவு பற்றிய உருவகம் ஊடுருவி நிற்கின்றது. வாசிப்பு உணவை வாயிலே இடுகின்றது. சிந்தனை அதனை மென்று நொறுக்குகின்றது. மன்றாட்டு சுவையைப் பெறுகின்றது. தியானம் அச்சுவையாகவே ஆகின்றது. மாடு அசைபோடுவது போலத் துறவி வேதச் சொல்லை அசைபோடுதல் வேண்டும் என்பது கீகோவுக்கு முன்னரே வழங்கிய கருத்து. கற்றதை அசைபோடுதல் என்னும் வழக்கு தமிழிலும் உண்டு.

சொல்லின் காவல்

இவ்வுருவகம் வெறும் அணியாக நின்றுவிடாமல் ஒரு வாசிப்பு முறையாக இயங்குவதை அவர் காட்டும் எடுத்துக்காட்டில் அறியலாம். மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்திலே, தூய உள்ளமுடையோர் இறைவனைக் காணும் பேற்றைக் குறித்து இயேசு கூறும் வசனத்தை அவர் எடுத்துக்கொள்கின்றார். வசனம் மிகச் சிறியது. அதனை ஒரு திராட்சைப் பழம்போல வாயிலிட்டு மெல்லத் தொடங்குகின்றார்.

அவர் முதலிற் செய்வது யாது? உடல் தூய்மை கூறப்படாது உள்ளத் தூய்மை கூறப்பட்டது ஏன் என வினவுகின்றார். கை தீச்செயலின் நீங்கியிருந்தால் மட்டும் போதாது, நெஞ்சும் தீய நினைவின் நீங்குதல் வேண்டும் என்பது அதனாற் பெறப்படும் என்கின்றார். அடுத்து, ஆண்டவரின் மலைமேல் ஏறத்தக்கவன் யார் என வினவும் திருப்பாடலை நினைக்கின்றார். தூய உள்ளத்தைத் தன்னுள்ளே படைக்குமாறு இரந்த தாவீதின் பாடலை நினைக்கின்றார். தன் கண்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட யோபுவை நினைக்கின்றார். அதன் பின்னரே, இறைவனைக் காண்டல் என்பது எத்தகைய பேறு என்னும் சிந்தனைக்குச் செல்கின்றார்.

‘இன்னது என்னாது இன்னது என்றமையின் இது பெறப்படும்’ என உரைக்கும் பரிமேலழகர் முதலிய உரையாசிரியரிடம் பயின்ற தமிழ் மாணவர்க்கு இம்முறை பழக்கமானதே. ஒரு சொல் நின்ற இடத்திலே வேறொரு சொல் ஏன் நிற்கவில்லை என்று கேட்பதும், அச்சொல் பிற இடங்களிலே எவ்வாறு வருகின்றது என ஒப்புநோக்குவதும் இலக்கண இலக்கியப் பயிற்சியின் அடிப்படைகள். மெல்ல வாசித்தல் என்பது மனம்போன போக்கிலே கனவு காண்பதாகும் என எண்ணுவோர் இப்பகுதியை ஊன்றி நோக்குதல் வேண்டும். கீகோவின் உணர்ச்சி சொல்லின் மேல் நிற்கின்றது. சொல்லை விட்டு அது நகர்வதில்லை.

இதற்குக் காரணமும் அவர் கூறுகின்றார். வாசித்தவற்றாலோ கேட்டவற்றாலோ முன்னர் நெறிப்படுத்தப்படாத ஒருவன் சிந்திக்கப் புகுந்தால், அவன் பொய்யானவற்றையும் பயனற்றவற்றையும் சிந்திக்கலாம். முன்னோர் வகுத்த எல்லையைக் கடந்துவிடலாம் என அவர் அஞ்சுகின்றார். முன்னோர் எல்லை என்பதில் இடைக்காலத் திருச்சபையின் கட்டுப்பாடு உண்டென்பது மறுக்கவியலாதது. ஆயினும், அவ்வச்சத்தில் நிலையான உண்மையொன்றும் உண்டு. வாசகன் நூலிலே தன்னைத் தவிர வேறெதனையும் காணாது போகும் அபாயம் எக்காலத்துக்கும் உரியது. அதற்கெதிரே நிற்கும் காவலே முதற்படி. நான்கு படிகளுள் தாழ்ந்தது எனத் தோன்றும் வாசிப்பே மற்றை மூன்றையும் பொய்யினின்று காப்பது. ‘ஏணி’யின் வலிமை இதுவே எனலாம்.

மேலும், ஏணி ஏறுவதற்கு மட்டும் உரியதன்று. தியானத்தின் இன்பம் நீடிப்பதில்லை. மனித மனம் அதனைத் தாங்கவல்லதன்று என்கின்றார் கீகோ. அவ்வின்பம் நீங்கும்போது முறையாக மெல்ல இறங்கி, ஒருகால் ஒரு படியிலும் மற்றொருகால் இன்னொரு படியிலுமாகத் தங்குதல் வேண்டும் என்பது அவர் அறிவுரை. முதற்படிக்கு மீளுதல் தோல்வியன்று என்பது இதனாற் பெறப்படும்.

ஏணி நின்ற நிலம்

எந்த வாசிப்பு முறையும் ஒரு சமுதாய அமைப்பின்மேல் நின்றே இயங்குகின்றது. கீகோவின் ஏணி நின்ற நிலம் எத்தகையது என்பதும் ஆராயப்படுதல் வேண்டும்.

அதே மடத்தின் ஐந்தாவது தலைவராகிய முதலாம் கீகோ எழுதிய ‘வழக்கங்கள்’ என்னும் நூல் இதற்குச் சிறந்த ஆதாரம். தனியறையிலே வாழும் துறவிக்குத் தரப்படவேண்டிய பொருள்கள் அதிலே பட்டியலிடப்பட்டுள்ளன. உணவு சமைக்கும் கலங்களோடு, இறகுப் பேனா, சுண்ணம், மைக்கொம்பு, தோலைச் சுரண்டும் கத்தி முதலிய எழுதுகருவிகளும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. வாசிப்பதற்கென நூலகத்திலிருந்து அவன் பெறக்கூடிய நூல்கள் இரண்டு. நூல்களை ஆன்மாவின் உணவாகப் பேணுதல் வேண்டும் என்றும், வாயினாற் போதிக்க இயலாத தனிமைத் துறவியர் நூல்களைப் படியெடுப்பதன் மூலம் கையினாற் போதித்தல் வேண்டும் என்றும் அந்நூல் கூறுகின்றது. இரண்டு நூல்களை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தையும் தோலின்மேற் கையால் எழுதிப் பழகியவன் வேகமாக வாசித்தல் அரிது. மெல்ல வாசித்தல் அவனுக்கு ஓர் ஆன்மீகத் தெரிவாக இருந்தது போலவே, அவன் வாழ்ந்த சூழலின் விளைவாகவும் இருந்தது.

அம்மடத்திலே இன்னொரு சாராரும் வாழ்ந்தனர். மலையின் கீழ்ப்பகுதியிலிருந்த இல்லத்திலே தங்கி, மந்தை மேய்த்தலும் பயிர்செய்தலும் முதலிய உழைப்புகளால் மேல்மடத்தின் தனிமைக்கு உதவிய துணைச் சகோதரர் அவர்கள். இலத்தீன் கல்வி அவர்களிடம் எதிர்பார்க்கப்படவில்லை. திருப்பாடல்களை ஓதுவதற்குப் பதிலாகக் கர்த்தர் கற்பித்த செபத்தைக் குறித்த எண்ணிக்கையிலே சொல்வது அவர்களுக்கு விதிக்கப்பட்டது. அவர்களும் அதே சபையின் உறுப்பினரே. அதே இறைவனைத் தேடியவரே. ஆயின் ஏணியின் முதற்படி அவர்களுக்கு எட்டாததாயிருந்தது. மேல்மடத்தின் மெல்லிய வாசிப்புக்குத் தேவையான நேரத்தை அவர்களின் உழைப்பு ஈட்டிக்கொடுத்தது.

கீகோ இதனை அறியாதவர் அல்லர். உடலுழைப்பின்போதே ஏணி அவர் மனத்திலே தோன்றியது என்பது மேலே கூறப்பட்டது. நூலின் இறுதியிலே, மனிதரை இப்படிகளிலிருந்து தடுக்கும் நான்கு காரணங்களையும் அவர் தருகின்றார். தவிர்க்கவொண்ணாத தேவை, நற்செயலின் பயன், மனித பலவீனம், உலக வீண்பெருமை என்பன அவை. முதலாவது மன்னிக்கத்தக்கது, இரண்டாவது பொறுத்துக்கொள்ளத்தக்கது, மூன்றாவது இரங்கத்தக்கது, நான்காவது குற்றம் என்பது அவர் தீர்ப்பு. தேவையினால் தடுக்கப்பட்டோர்பால் அவர் பரிவு காட்டுகின்றார் என்பது மகிழ்தற்குரியது. ஆயின் தேவையை அவர் ஒரு மன்னிப்பாகக் காண்கின்றாரேயன்றி ஒரு வினாவாகக் காணவில்லை. சிலர் ஏறவும் சிலர் ஏறாதிருக்கவும் நேர்ந்தது ஏன் என்னும் வினா நூலில் எழவில்லை. ‘ஏணி’யின் எல்லை இதுவேயாகும்.

எனினும் அவ்வெல்லையைத் தாண்டுவதற்கான வழியும் அந்நூலிலேயே உண்டு. கேட்டலும் ஒருவகையிலே வாசித்தலின்பாற்பட்டதே என்றும், ஆசிரியர் நமக்கு வாசித்துக் காட்டிய நூல்களையும் நாம் வாசித்தோம் என்றே கூறுகின்றோம் என்றும் கீகோ ஓரிடத்திலே குறிப்பிடுகின்றார். நூலொன்றைக் கற்பதனைப் ‘பாடங் கேட்டல்’ என்றே வழங்கிய தமிழ் மரபுக்கு இக்கூற்று மிக அணித்தானது. கேட்பவனும் வாசகனே எனின், எழுத்தறியாதவனுக்கும் ஏணி உரியதாகும். கீகோ இதனை ஒரு குறிப்பாகச் சொல்லிச் சென்றார். அதன் பயனைக் காண ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

பிற்காலப் போக்கு

கீகோவின் காலத்திலேயே வாசிப்பின் இயல்பு மாறத் தொடங்கியிருந்தது. பாரிஸ் நகரப் பள்ளிகளிலே நூலை வினா எழுப்பி விவாதிக்கும் முறை வளர்ந்து வந்தது. துறவிமட வாசிப்பு செபத்தை நோக்கியும் பள்ளி வாசிப்பு விவாதத்தை நோக்கியும் சென்றதென்பதைச் ஜோன் லெக்லேர்க் 1957ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே தெளிவாக விளக்கியுள்ளார். வாயால் மென்று சுவைக்கப்பட்ட பக்கம் கண்ணால் நோக்கி ஆராயப்படும் பக்கமாக மாறியதை இவான் இலிச் 1993ஆம் ஆண்டு வெளியான தம் நூலிலே ஆராய்ந்துள்ளார். பல்கலைக்கழக வாசிப்பு இப்பள்ளி வாசிப்பின் வழித்தோன்றலே.

20ஆம் நூற்றாண்டிலே கத்தோலிக்கத் திருச்சபை இவ்விரண்டையும் மீண்டும் அணுகச் செய்ய முயன்றது. 1943ஆம் ஆண்டு பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் விவிலியத்தின் வரலாற்று ஆய்வுக்கு ஊக்கமளித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, செபத்தோடு கூடிய விவிலிய வாசிப்பை எல்லா விசுவாசிகளுக்கும் உரியதாக்கியது. மடத்தின் மதிலுக்குள் இருந்த முறை இவ்வாறு வெளியே வந்தது.

வெளியே வந்தபோது அது சிறு கைந்நூல்களின் வடிவிலே வந்தது என்பதையும் குறிப்பிடல் வேண்டும். இவற்றுட் பல நான்கு படிகளையும் நான்கு பயிற்சிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு நேரம் என வகுக்கின்றன. மனத்தைத் தொடும் சொல்லொன்றைத் தெரிந்துகொண்டு அதனோடு தங்குமாறு கூறுகின்றன. இவ்வறிவுரை பயனற்றதன்று. ஆயின் அச்சொல் ஏன் அவ்விடத்தில் நிற்கின்றது என்னும் வினா அங்கே எழுவதில்லை. வாசகனுடைய உணர்வே அளவுகோலாகின்றது. கீகோவினுடைய முறையின் வலிமையாகிய சொல்லின் காவல் தளர்கின்றது. அதன் எல்லையாகிய தனிமையோ அவ்வண்ணமே தொடர்கின்றது. பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ற் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஏடு, நான்கு படிகளையும் விளக்கியபின், வாசிப்பு செயலிலே சென்று சேரும்வரை நிறைவுறாது எனச் சேர்த்துரைத்தமை இக்குறையை ஓரளவு உணர்ந்ததன் விளைவு எனலாம்.

தீவிலே நடந்த வாசிப்பு

செயலை நோக்கிய வாசிப்பு அதற்கு முன்னரே ஓரிடத்திலே நிகழ்ந்திருந்தது. நிக்கராகுவா நாட்டுக் கவிஞர் எர்னெஸ்தோ கார்தெனல் 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திலுள்ள கெத்செமனி துறவிமடத்திலே சேர்ந்து, தோமஸ் மேர்ட்டனின் கீழ்ப் பயிற்சி பெற்றார். ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றும் அம்மடத்திலே மெல்ல வாசித்தல் அன்றாடக் கடமை. பின்னர் குருவாகி, 1966ஆம் ஆண்டு நிக்கராகுவா ஏரியிலுள்ள சொலென்தினாமே தீவுகளிலே ஒரு சிறு சமூகத்தை அமைத்தார். அங்கு வாழ்ந்தோர் ஏழைக் குடியானவரும் மீனவரும் ஆவர். ஞாயிறு வழிபாட்டிலே அவர் பிரசங்கம் செய்யாது, நற்செய்திப் பகுதியை மக்களோடு உரையாடினார். அவ்வுரையாடல்களின் தொகுப்பே 1975ஆம் ஆண்டு முதலாக வெளிவந்த ‘சொலென்தினாமேயின் நற்செய்தி’.

வாசிப்பு நடந்த முறையை நூலின் முன்னுரை விளக்குகின்றது. வாசிக்கத் தெரிந்தோர்க்கு நற்செய்திப் படிகள் வழங்கப்படும். முதியோர் சிலர்க்கும் பள்ளிக்குத் தொலைவான தீவுகளில் வாழ்வோர்க்கும் வாசிக்கத் தெரியாது. ஆகவே நன்கு வாசிக்கக்கூடிய இளைஞனோ இளம்பெண்ணோ பகுதி முழுவதையும் வாய்விட்டு வாசிப்பர். பின்னர் ஒவ்வொரு வசனமாக நின்று பேசுவர். கேட்டலும் வாசித்தலே என்னும் கீகோவின் கூற்று இங்கே செயலாகின்றது. கீழ்மடத்திலே நின்றவர்கள் இங்கே முதற்படியில் ஏறிவிடுகின்றனர்.

மரியாளின் பாடலை அவர்கள் வாசித்த பகுதி இந்நூலிலே விதந்து கூறத்தக்கது. வலியோரை அரியணையினின்று இறக்கி எளியோரை உயர்த்துபவராக இறைவனைப் பாடிய ஒரு பெண்ணை ஏரோது அறிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்னும் வினா எழுகின்றது. அவளைக் கம்யூனிஸ்ற் என்றே அழைத்திருப்பர் என்னும் கருத்து கூறப்படுகின்றது. நூற்றாண்டுகளாக மாலைச் செபத்திலே இனிய இசையோடு பாடப்பட்டு வந்த வரிகளின் கூர்மை, அவ்வரிகள் யாரைக் குறித்துப் பேசுகின்றனவோ அவர்களின் செவியிலே விழுந்தபோது மீண்டும் வெளிப்பட்டது. தனியறைத் துறவிக்குப் புலப்படாத பொருளொன்று நிலமற்றவனுக்குப் புலப்படுகின்றது. வாசகனின் சமுதாய நிலை வாசிப்பின் ஓர் உறுப்பு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இந்நூலை வியந்து போற்றுவதோடு நின்றுவிடுதல் திறனாய்வாகாது. ஏரோது என்பான் அன்றைய சர்வாதிகாரி சொமோசாவே எனவும், நற்செய்தி கூறும் விடுதலை வரவிருக்கும் புரட்சியே எனவும் வாசிப்புப் பல இடங்களிலே விரைகின்றது. அவ்விரைவுக்குக் காரணம் உண்டு. துப்பாக்கியின் நிழலிலே வாழ்வோரிடம் நிதானத்தைக் கேட்பது எளிது. 1977ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே, அச்சமூகத்தின் இளைஞர் சிலர் சான் கார்லோஸ் இராணுவ முகாமைத் தாக்கியதைத் தொடர்ந்து, அரச படை அச்சமூகத்தின் குடியிருப்பை அழித்தது. வாசித்தவற்றுக்கு அவர்கள் விலை கொடுத்தனர்.

வரலாறு அதன் பின்னும் தொடர்ந்தது. 1979ஆம் ஆண்டு சொமோசா வீழ்ந்தான். கார்தெனல் புதிய அரசிலே பண்பாட்டு அமைச்சரானார். 1994ஆம் ஆண்டு அவர் சன்தினிஸ்தா இயக்கத்தினின்று விலகினார். அவ்வியக்கத்தின் தலைவர் டானியல் ஒர்தேகா பின்னர் நடத்திய ஆட்சியைச் சர்வாதிகாரம் என்றே சாடினார். 2020ஆம் ஆண்டு மறையும்வரை அந்நிலையிலிருந்து மாறவில்லை. மரியாளின் பாடல் வலியோர் இறக்கப்படுவதைப் பாடுகின்றது. வெறுமையான அரியணையிலே அடுத்து யார் அமர்வர் என்பதை அது கூறவில்லை. விரைந்த வாசிப்பு அவ்விடத்தை ஒரு பெயரால் நிரப்பியது. மெல்லிய வாசிப்போ, வசனம் கூறாமல் விட்டதையும் கவனித்திருக்கும். கார்தெனலின் பிற்கால வாழ்வே அவ்வசனத்தை இரண்டாம் முறை வாசித்ததற்கு ஒப்பாகும். முதல்முறை அது பகைவனைச் சுட்டியது. இரண்டாம்முறை தோழனையும் சுட்டியது.

முடிவாக

கீகோவின் ஏணியையும் சொலென்தினாமேயின் உரையாடலையும் எதிரெதிராக நிறுத்தி ஒன்றைத் தெரிந்துகொள்வது எளிது. ஒன்றினைத் தப்பியோடுதல் எனவும் மற்றதனைப் பிரசாரம் எனவும் ஒதுக்குவோரும் உளர். இரண்டும் ஒரே மரபின் கிளைகள் என்பதையும், ஒன்றின் குறையை மற்றதன் நிறை சுட்டுகின்றது என்பதையும் மேலே கூறியவை காட்டும்.

ஏணியில் ஏறத் தடுக்கப்பட்டோர் யார் என்னும் வினாவைச் சொலென்தினாமே மரபுக்குள் கொண்டுவந்தது. அது செய்த தொண்டு மறக்கவியலாதது. கேட்போரெல்லாம் வாசகர் என்னும் கொள்கையை நடைமுறைப்படுத்தாத எந்த வாசிப்பு முறையும் இனி முழுமையானதெனக் கொள்ளப்படமாட்டாது. மறுபுறத்திலே, சொல்லின் முன்னே நின்று, அது ஏன் அவ்வாறு நிற்கின்றது என வினவும் பொறுமையைக் கீகோ கற்பிக்கின்றார். நீதிக்காக வாசிப்போர்க்கு அப்பொறுமை இன்னும் மிகுதியாக வேண்டியது. தான் வெல்ல விரும்பும் வழக்குக்குச் சான்றாக மட்டும் நூலை வாசிப்பவன், வழக்கு வென்றபின் நூலை மூடிவிடுவான். நூல் தன்னையே வினவும் நாளிலே அவன் அதனைத் திறக்கமாட்டான்.

இவ்வுண்மை விவிலியத்துக்கு மட்டும் உரியதன்று. பரீட்சைக்காகக் குறிப்பெடுத்து மூலநூலைக் கைவிடும் மாணவர்க்கும், முன்னரே வகுத்த கோட்பாட்டுக்கு உதாரணம் தேடிக் கவிதையைப் புரட்டும் திறனாய்வாளர்க்கும், கைத்தொலைபேசித் திரையிலே பக்கங்களை விரலால் தள்ளிச் செல்லும் இக்காலத்தார்க்கும் அது பொருந்தும். ஏணியின் மேற்படிகளை அடைவோர் சிலராகலாம். அவற்றை நம்பாதோரும் பலராகலாம். ஆயின் முதற்படி யாவர்க்கும் பொதுவானது. அதிலே சற்று நேரம் நிற்பதற்கான ஓய்வையும் கல்வியையும் யாவர்க்கும் கிடைக்கச் செய்வது சமுதாயத்தின் கடன். கிடைத்தபின் அதிலே உண்மையாக நிற்பது வாசகனின் கடன்.